கழுவிக் கெட்ட ரீல்: வேலணையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

மச்சான் வேலணைத் தீவில் இருக்கிறான். கிழமையில் மூன்று நாளாவது பின்னேரம், கடல்நீரேரிக்குக் குறுக்கே போகும் வாணர் தாம்போதியில் நின்று தூண்டில் போடுவான். போன வருசம் ஆவணியில் ஒருநாள் தூண்டில் நூலைச் சுற்றும் தன்னுடைய ரீலைத் துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்தில் என் வீட்டுக்கு வந்தான். 4000 அளவு ஸ்பின்னிங் ரீல், வாங்கி ஏழு மாதம். கைப்பிடியைச் சுற்றினால் திரிகையில் உழுந்து உடைக்கிற மாதிரிச் சத்தம்.

"ஒவ்வொரு நாளும் கழுவினனான் மச்சான். பிறகும் ஏன் உப்பிடி வந்தது?" என்று கேட்டான்.

கழுவாமல் விட்டுக் கெட்ட ரீல்கள் என்னிடம் நிறைய வந்திருக்கின்றன. அவற்றில் ஆராய ஒன்றுமில்லை. இது ஒழுங்காகக் கழுவியும் கெட்ட ரீல். அவன் பொய் சொல்கிறவன் இல்லை. அதனால் அதைத் திறந்து பார்த்ததையும், அளந்ததையும், அடுத்த ரீலை எப்படித் தெரிந்தோம் என்பதையும் முழுதாக எழுதி வைக்கிறேன். எந்தக் கம்பனியின் ரீல் என்பது இங்கே தேவையில்லை. அதே விலைக்கு வேறு எதை வாங்கியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மீன் போன விதம்

வருவதற்கு முன் தாம்போதியில் ஒரு மீனையும் விட்டிருக்கிறான். சூடை மீனை இரையாகக் கொழுவி, மதகடியில் தண்ணி இழுக்கிற பக்கம் எறிந்துவிட்டு நாற்பது நிமிடம் போலக் காத்திருந்திருக்கிறான். நூல் 20 இறாத்தல், அதாவது சுமார் 9 கிலோ, தாங்கும் பிரெய்ட் என்கிற பின்னல் நூல். முன்னால் ஒன்றரை மீற்றர் தடித்த தங்கூசி. மீன் பிடித்தவுடன் ரீல் நூலை விடவில்லை. பிறகு ஒரு வெட்டு வெட்டிக் கொஞ்சம் விட்டது, திரும்ப இறுகியது, இரண்டாவது வெட்டில் நூல் அறுந்தது. பக்கத்தில் நின்றவர்கள் பாரை என்றார்கள். மீனை ஒருவரும் வடிவாகக் காணாததால் நான் பெரிய மீன் என்று மட்டும் எழுதுகிறேன்.

எனக்கு முக்கியமாகப் பட்டது அறுந்த இடம். முடிச்சில் அறுபடவில்லை, தங்கூசியும் அறுபடவில்லை. பிரெய்ட்டின் நடுவில், ஏறக்குறைய பன்னிரண்டு மீற்றர் தள்ளி அறுந்திருந்தது. அறுந்த முனை தும்பு பிரிந்த கயிறு போலப் பிசிர் பிசிராக இருந்தது. மீனின் பல்லோ கல்லோ வெட்டினால் முனை அப்படி இராது.

அளந்து பார்த்தது

திறப்பதற்கு முன் அளக்க வேண்டும். திறந்துவிட்டால் பழைய நிலை திரும்பி வராது. மீன் நிறுக்கும் கொழுவித் தராசை நூலில் மாட்டி மெதுவாக இழுத்தேன். இரவு முழுக்கச் சும்மா கிடந்த ரீல், காலையில் முதல் இழுவைக்கு 5.5 கிலோ வரை அசையவில்லை. அசைந்த பிறகு 2.7 கிலோவுக்கு இறங்கியது. உடனே இரண்டாம் முறை இழுத்தேன், 2.8. மூன்றாம் முறை 2.7.

மச்சான் ஏமாந்தது இந்த இடத்தில்தான். 9 கிலோ நூலுக்கு டிராக்கை (மீன் இழுக்கும்போது நூலை அளவோடு விட்டுக்கொடுக்கும் பிடி) அதன் கால்வாசியிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் வைக்க வேண்டும், அதாவது 2.25 முதல் 3 கிலோ வரை. அவன் அந்தக் கணக்கை அறிந்து, வீட்டில் கையால் நாலைந்து தரம் இழுத்துப் பார்த்துச் சரியாகத்தான் வைத்திருந்தான். ஆனால் நாலைந்து தரம் இழுக்கும்போதே டிராக்கின் உள்ளே ஒட்டியிருந்த வாஷர்கள் விட்டுவிடும். மீனோ நாற்பது நிமிடம் அசையாமல் நின்ற ரீலில் முதல் இழுவையை இழுக்கிறது. டிராக்கை முதல் இழுவையில்தான் சோதிக்க வேண்டும். அதையும் ரீல் சும்மா கிடந்த பிறகுதான் செய்ய வேண்டும். இத்தனை வருசம் தூண்டில் போட்டும் நானே இதை இப்படி எண்ணால் பார்த்ததில்லை.

இன்னொன்று, டிராக் ஓடுகிற நேரமெல்லாம் ஒரே அளவில் நிற்பதுமில்லை. மீன் நூலை இழுத்துக்கொண்டு போகப் போக, நூல் சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூலில் நூல் வட்டம் சிறுக்கும். வட்டத்தின் விட்டம் பாதியானால், டிராக் குமிழைத் தொடாமலே இழுவை இரண்டு மடங்காகும். நிறைந்த ஸ்பூலில் 3 கிலோ வைத்தவர் நீண்ட ஓட்டத்தின் முடிவில் அதைவிட எவ்வளவோ கூடிய இழுவையில் நிற்கிறார். பெரிய மீன் தூர ஓடியதும் டிராக்கை இறுக்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சரி, 5.5 கிலோவுக்கே 9 கிலோ நூல் ஏன் அறுந்தது? நூலை முடிச்சுப் போடாமல் அழுத்தமான கண்ணாடிப் போத்தலில் பல சுற்றுச் சுற்றி, மறு முனையைத் தராசில் இழுத்தேன். ஸ்பூலின் அடியில் கிடந்த, ஒருநாளும் வெளியே போகாத நூல் 8 கிலோவைத் தாண்டியும் தாங்கியது. முன் நாற்பது மீற்றருக்குள் மூன்று இடத்தில் சோதித்தேன். 3.8, 4.4, 4.1 கிலோவில் அறுந்தது. ஒவ்வொரு நாளும் எறிந்து சுற்றுகிற பகுதி அதுதான்.

திறந்து பார்த்தபோது

முதலில் நூல் உருளும் லைன் ரோலர். நூல் தொண்ணூறு பாகை திரும்பி ஸ்பூலுக்குப் போகிற இடம் அது. மீனின் இழுவை முழுவதும் அந்தச் சின்ன உருளையில்தான் விழும். உப்புத் தண்ணியும் நூலோடு வந்து அங்கேதான் சொட்டும். இந்த ரோலர் சுழலவேயில்லை. உள்ளே இருந்த பேரிங் கறள் கட்டி ஒரே கட்டியாகியிருந்தது. சுழலாத ரோலரில் நூல் ஒரே இடத்தில் உரசி உரசி, நகத்தால் தடவினால் தெரிகிற அளவுக்கு ஒரு தவாளிப்பு விழுந்திருந்தது. நூலை அரைத்தது அந்தத் தவாளிப்பு.

ஸ்பூலைக் கழற்றி டிராக் வாஷர்களை எடுத்தேன். கார்பன் வாஷர்கள்தான், நல்லவைதான். ஆனால் அவற்றுக்கும் இடையிலிருந்த உலோகத் தட்டுக்கும் நடுவில் வெள்ளைத் தூள் படிந்து இரண்டும் ஒட்டியிருந்தன. "கழுவின பிறகு டிராக்கைத் தளர்த்துவியோ?" என்று கேட்டேன். அவன் யோசித்தான். கழுவும்போது தண்ணி உள்ளே போகாமல் டிராக்கை இறுக்க வேண்டும் என்று படித்திருக்கிறான், அப்படியே செய்தும் இருக்கிறான். காய்ந்த பிறகு தளர்த்தி வைக்க வேண்டும் என்ற மிச்சப் பாதி அவனுக்குத் தெரியவில்லை. அடுத்த முறை தாம்போதிக்குப் போகும்போதுதான் தளர்த்துவானாம். இரண்டு நாள், மூன்று நாள் வாஷர்கள் இறுகியபடி ஈரத்தோடு கிடந்திருக்கின்றன.

பிறகு பக்க மூடி. ஐந்து ஸ்க்ரூவில் நாலு கழன்றது. ஐந்தாவதுக்கு மண்ணெண்ணெய் விட்டு ஒரு இரவு வைத்து, அடுத்த நாள் திருப்புளியால் மெதுவாக முன்னும் பின்னும் அசைத்து எடுத்தேன். ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவும் அலுமினிய உடலும் உப்புத் தண்ணியில் தொட்டுக்கொண்டு இருந்தால் இரண்டும் சேர்ந்து ஒரு பற்றரி போல ஆகிவிடும். அரிபடுவது அலுமினியம். ஸ்க்ரூவைச் சுற்றி வெள்ளை மா போல வருவது அந்த அரிப்பு. புதிய ரீலை வாங்கியவுடன் ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றிப் புரியில் ஒரு துளி கிறீஸ் தடவி மாட்டினால் இது மிகவும் குறையும். பத்து நிமிட வேலை.

உள்ளே கிறீஸ் பால் நிறமாகி இருந்தது. தண்ணி கலந்த கிறீஸ் அப்படித்தான் ஆகும். பிரதான கியர் துத்தநாகக் கலவை. அதன் பற்களில் சாம்பல் நிறப் புள்ளிகள் விழுந்திருந்தன, திரிகைச் சத்தம் அதிலிருந்து வந்தது. கைப்பிடி பின்னால் சுழலாமல் பிடிக்கிற ஒருவழி உருளைப் பேரிங்கிலும் கறள்.

வெளியே நின்று தெறித்த தண்ணி இவ்வளவு ஆழம் போகாது. "எப்படிக் கழுவினாய்?" என்று கேட்டேன். தோட்டத்துக்கு இறைக்கிற மோட்டாரின் ஹோஸால், வாயைப் பெருவிரலால் பொத்திப் பீய்ச்சி அடித்தானாம். அழுக்கெல்லாம் போக வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் கடல் தள்ளாத தண்ணியை ஹோஸ் உள்ளே தள்ளிவிட்டது.

தண்ணி

அதோடு காரணம் கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் ஹோஸ் கொண்டுபோனது கிணற்றுத் தண்ணி, கடல் தண்ணி இல்லையே. உள்ளே இவ்வளவு உப்பு ஏன்? ரீலைத் திருப்பிக் கொடுக்க வேலணைக்குப் போனபோது, பக்கத்து வீட்டுப் பெரியவர், காலம் முழுக்கக் கடற்றொழில் செய்தவர், வேலியடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு கேள்விதான் கேட்டார்:

"தம்பி, உந்தக் கிணத்துத் தண்ணியைத் தேத்தண்ணிக்கு விடுவியளோ?"

விடமாட்டார்கள். அந்த வளவுக் கிணறு சவர். குடிக்கவும் சமைக்கவும் வெளியிலிருந்துதான் தண்ணி வருகிறது. தேத்தண்ணிக்கு ஆகாத தண்ணியில் ஏழு மாதம் ரீலைக் கழுவியிருக்கிறான்.

வீட்டுக்கு வந்து மூன்று எவர்சில்வர் தட்டுகளை எடுத்தேன். ஒன்றில் வேலணைக் கிணற்றுத் தண்ணி, ஒன்றில் யாழ்ப்பாணத்தில் என் வீட்டுக் கிணற்றுத் தண்ணி, ஒன்றில் மாரியில் பிடித்து வைத்த மழைத்தண்ணி. ஒவ்வொன்றும் 100 மில்லிலீற்றர். வெயிலில் வைத்துக் காயவிட்டேன். வேலணைத் தட்டில் தொட்டால் கரகரக்கும் பொருக்கு, நாக்கில் உப்பு. என் வீட்டுத் தட்டில் மெல்லிய வெண்படலம், உப்பில்லை, ஒரு துளி வினாகிரி விட்டதும் நுரைத்தது. அது சுண்ணாம்பு. நம் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது, தண்ணியும் அதைக் கரைத்துக்கொண்டுதான் வருகிறது. மழைத்தண்ணித் தட்டில் துடைத்தால் போகிற தூசி மட்டும்.

கடல் தண்ணியில் லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். சவர்க் கிணற்றில் அவ்வளவு இராது. ஆகவே கழுவாமல் விடுவதைவிட அதில் கழுவுவது மேல்தான், இதைப் படித்துவிட்டு யாரும் கழுவுவதை நிறுத்திவிடக் கூடாது. பிரச்சினை, அந்தத் தண்ணி வடிய வழியில்லாத இடங்களில் தேங்கிக் காய்வது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உப்பு விட்டுப் போகும், அடுத்த தடவை அதன் மேல் இன்னும் கொஞ்சம். உப்பளத்தில் நடப்பதும் இதுதான்.

மாதமும் கணக்கில் வருகிறது. தீவுகளில் நல்ல தண்ணி என்பது நிலத்தடியில் உப்புத் தண்ணியின் மேல் மிதக்கிற ஒரு படலம். கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணி நின்றால் கீழே சுமார் நாற்பது அடிக்கு அது உப்பைத் தள்ளி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. மேலே கொஞ்சம் குறைந்தாலே கீழிருந்து உப்பு நிறைய ஏறிவிடும். மழையில்லாமல் இறைத்துக்கொண்டே வந்தால் ஆடி, ஆவணியில் கிணறு மாரியில் இருந்ததைவிடச் சவராகிவிடும். கடல்நீரேரியும் அந்த மாதங்களில் வற்றி, சில ஒதுக்குப் பகுதிகளில் கடலையும் விட உப்பாகும். ரீல் கெட்டதும் சரியாக ஆவணியில்.

காய்ந்த உப்பு சும்மா கிடப்பதுமில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 வீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் இருக்கும் மக்னீசியம் குளோரைட் அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசியும். நம் ஊர் இரவுகளில் அந்த ஈரம் தாராளமாக உண்டு. அப்படியென்றால் அலமாரியில் கிடக்கும் ரீலும் இரவில் உள்ளுக்குள் நனைந்துகொண்டிருக்கும்.

இப்போது கழுவும் முறை

குடிதண்ணி வெளியிலிருந்து வருகிற வீட்டில் ரீலுக்கு ஒரு வாளி ஊற்றுவது சரியில்லை, தேவையுமில்லை. மச்சான் இப்போது அரை லீற்றரில் முடிக்கிறான். டிராக்கை இறுக்கிவிட்டு, ஈரத் துணியால் உடலைத் துடைப்பான். பூவுக்குத் தண்ணி தெளிக்கிற போத்தலில் மழைத்தண்ணியோ குடிதண்ணியோ எடுத்து லைன் ரோலர், பெயில் (நூலை வழிகாட்டும் கம்பி வளையம்) மூட்டுகள், ஸ்பூல் விளிம்பு, கைப்பிடிக் குமிழ் ஆகிய இடங்களில் தூறலாக அடிப்பான். உதறி, உலர்ந்த துணியால் துடைத்து, உடனே டிராக்கைத் தளர்த்தி, நிழலில் வைப்பான். கிழமைக்கு ஒருக்கால் ரோலரிலும் கைப்பிடிக் குமிழிலும் ஒரு துளி எண்ணெய். அந்த ஒருவழிப் பேரிங்கில் மட்டும் கிறீஸ் வைக்கக் கூடாது. வைத்தால் உருளைகள் வழுக்கும், மீன் இழுக்கும்போது கைப்பிடி பின்னால் சுழலும். டபிள்யூடி-40 அடித்தால் போதும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். ஈரத்தை விரட்ட அது உதவும். ஆனால் எண்ணெயின் இடத்தையோ கிறீஸின் இடத்தையோ அது பிடிக்காது, இருக்கிற கிறீஸையும் கழுவிவிடும்.

குழாய்த் தண்ணி வருகிற வீட்டுக்காரர்கள் அதையே பாவிக்கலாம். அதையும் ஒருமுறை தட்டில் காயவிட்டுப் பாருங்கள்.

அடுத்த ரீல்

பழைய ரீலைத் திருத்த கியர் கிடைக்கவில்லை. கனடாவிலிருந்து வரவிருந்த சித்தப்பா, தண்ணி புகாமல் இடைவெளிகளை அடைத்து முத்திரையிட்ட விலையுயர்ந்த ரீல் ஒன்று கொண்டுவரத் தயாராக இருந்தார். இங்கே கடையில் முத்திரை இல்லாத, எளிமையான ஒன்று பாதி விலைக்கும் குறைவாக இருந்தது. இரண்டு நாள் கதைத்தோம்.

முத்திரையிட்ட ரீல்கள் நல்லவைதான். பென் கம்பனியின் ஸ்பின்பிஷர் 6 ஐபிஎக்ஸ்5 தரம், சிலாமர் 4 ஐபிஎக்ஸ்6 தரம். அந்த எண்களுக்கு அர்த்தம், எந்தப் பக்கமிருந்தும் பீய்ச்சும் தண்ணியைத் தாங்கும் என்பது. தண்ணிக்குள் அமிழ்த்தலாம் என்ற அர்த்தமில்லை, சோதிப்பதும் நல்ல தண்ணியில்தான். முத்திரை ரப்பர் ஒருநாள் தேயும். அதன் பிறகு உள்ளே போன உப்பு வெளியே வர வழி தேடி நிற்கும். டைவாவின் மாக்சீல் ரீல்களில் காந்த எண்ணெய்தான் தண்ணியைத் தடுக்கிறது. வீட்டில் திறந்தால் அந்த எண்ணெயைத் திரும்ப நிரப்ப நம்மால் முடியாது. மணற்காட்டில் அலைக்குள் இடுப்பளவு இறங்கி நின்று எறிகிறவருக்கு நான் யோசிக்காமல் முத்திரையிட்ட ரீலைத்தான் சொல்வேன். தாம்போதியில் காய்ந்த காலோடு நிற்கிறவருக்கு, தானே திறந்து துடைத்து மூடக்கூடிய ரீல் மேல். மச்சான் அதைத்தான் வாங்கினான்.

கடையில் அவன் முதலில் கேட்டது "எத்தனை பேரிங்?" என்று. அந்த எண்ணுக்காகக் காசு கொடுக்க வேண்டாம் என்றேன். கைப்பிடியில் நாலு மேலதிக பேரிங் இருந்தால் கறள் பிடிக்க நாலு மேலதிக இடம். நாங்கள் பார்த்தவை வேறு: பிரதான கியரோடு சேரும் சின்னப் பினியன் கியர் பித்தளையா, டிராக் வாஷர் கார்பனா, ரோலர் பேரிங்கைத் தனியாக வாங்கலாமா, பக்க மூடி சாதாரணத் திருப்புளியால் கழலுமா. கடைக்காரரிடம் சொல்லி அங்கேயே ஸ்பூலைக் கழற்றிப் பார்த்தோம். அதற்குச் சம்மதிக்காத கடையில் நான் வாங்க மாட்டேன்.

அளவு அதே 4000. தாம்போதியில் வருகிற பாரைக்கும் சீலாவுக்கும் கொடுவாவுக்கும் அது காணும். பருத்தித்துறைப் பக்கம் கல்லுக் கரையில் நின்று பெரிய பாரைக்கு எறிவதென்றால் 6000 வேண்டும். ஒரு கம்பனியின் 4000 மற்றக் கம்பனியின் 4000 அல்ல, ஸ்பூலைக் கையில் எடுத்து ஒப்பிட வேண்டும். அடியில் கொஞ்சம் தங்கூசி சுற்றி அதன் மேல் பிரெய்ட் சுற்றினோம். வெறும் ஸ்பூலில் சுற்றினால் பிரெய்ட் முழுதாக வழுக்கிச் சுழலும், டிராக் கெட்டுவிட்டது என்றே தோன்றும். விளிம்புக்கு 2 மில்லிமீற்றர் கீழே நிறுத்தினோம். எறிந்த பிறகு கைப்பிடியைச் சுற்றி பெயிலை மூடாமல் கையால் மூடச் சொன்னேன். நூல் சுருக்கு விழுவது அதிலேயே பாதி குறையும்.

இதுவரை

புரட்டாதி முதல் மாசி வரை மாதம் ஒருக்கால், ஒரு இரவு கிடந்த ரீலில் முதல் இழுவையை அளந்து தாளில் எழுதி வருகிறோம். ஓடும் இழுவை 2.6 கிலோ. முதல் இழுவை இதுவரை 3.1ஐத் தாண்டவில்லை. ரோலரைப் பெருவிரலால் தள்ளினால் சுழல்கிறது. மார்கழியில் பேரிங்கில் லேசான கரகரப்புக் கேட்டதால் அதை மட்டும் மாற்றினோம். தையில் தாம்போதியில் ஒரு பாரை வந்தது, டிராக் வெட்டாமல் ஒரே சீராக ஓடியது, மீன் கரைக்கும் வந்தது. மூன்றரைக் கிலோ.

ஆனால் இந்த ஆறு மாதத்தில் பாதி மாரி. கடல்நீரேரியில் உப்புக் குறைந்த காலம், பீலியால் வருகிற மழைத்தண்ணியும் தாராளம். ஒரே ஒரு ரீல், ஒரே ஒரு ஆள். ஹோஸ், சவர்த் தண்ணி, தளர்த்தாத டிராக் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டோம், எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல இந்த அளவுகள் போதாது. தண்ணிதான் முதற்காரணம் என்பது தட்டில் காய்ந்த பொருக்கைப் பார்த்து நான் எடுத்த முடிவு. ஆடி, ஆவணியில் அதே கிணறு, அதே தாம்போதி திரும்பவும் இருக்கும். வீட்டுத் தாழ்வாரத்தில் நீலப் பீப்பாவில் மழைத்தண்ணி மூடி வைத்திருக்கிறான், முக்கால்வாசி இருக்கிறது. அளவெழுதும் தாளில் ஆடிக்கும் ஆவணிக்கும் கோடு போட்டு இடம் விட்டிருக்கிறோம்.